முன்னுக்குப் பதினாறு, பின்னுக்குப் பன்னிரண்டு

குற்றப் பிரிவு, அறை 2. 2024 ஜூலை 09ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, மு.ப. 9.40. பதிபவர் உப பொலிஸ் பரிசோதகர் புஷ்பராஜ். கூறுபவர் அழைக்கப்படாமல் தானாகவே வந்தார். தமிழில் கூறினார். தமிழிலேயே பதியப்படுகிறது.

பெயர்: முகம்மது நியாஸ் முகம்மது நபீஸ். வயது: 33. திருமணமானவர். முகவரி: நான்காம் மாடி, காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையிலுள்ள தொடர்மாடி, வெள்ளவத்தை, கொழும்பு 06. தொழில்: தனியார் காப்புறுதி நிறுவனமொன்றில் மருத்துவக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் உத்தியோகத்தர். தேசிய அடையாள அட்டை காட்டப்பட்டது.

நான் இதற்கு முன்னர் ஜூன் 27ஆம் திகதி இதே மேசையில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது சிங்களத்தில் எழுதப்பட்டு, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. மொழியால் பிழை வந்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. எழுதியவர் நான் சொன்னதைச் சரியாகவே எழுதினார். நான் சொன்னதுதான் பொய். அந்தப் பொய்யினால் மருதானையில் கராஜ் வைத்திருக்கும் சாந்தகுமார் என்பவர் இன்று பன்னிரண்டாவது நாளாக விளக்கமறியலில் இருக்கிறார். நாளை மறுதினம் வியாழக்கிழமை அவர் மீண்டும் நீதவான் முன் கொண்டுவரப்படுவார். அதற்கு முன்னர் இதைப் பதிய வேண்டும் என்று கேட்டு வந்தேன்.

நான் வாங்க விரும்பியது ஹயாதோ என்னும் ஜப்பானிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். மூன்று வருடமாக விரும்பினேன். அது 2012ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. 2016இல் அதே காரைக் கொஞ்சம் மாற்றினார்கள். முன் விளக்குகளை ஒடுக்கினார்கள், பின்பக்கச் சட்டத்தை இறுக்கினார்கள், இஞ்சினின் இழுவையைச் சற்றுக் கூட்டினார்கள். வீதியில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் 2016 வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது.

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். நாட்டுக்குள் இருந்ததையே கை மாற்றிக் கை மாற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் தேடிய காரில் கொழும்பிலும் அதை அண்டியும் விற்பனைக்கு இருந்தவை இரண்டு. ஒன்று வத்தளையில், 2013. மற்றது கொட்டாஞ்சேனையில், 2016. இரண்டுக்கும் விலை ஏறத்தாழ ஒன்று. அதுவே முதல் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அது மூன்று வருடம் சும்மா கிடைப்பதாகப் பட்டது.

ஜூன் 08ஆம் திகதி சனிக்கிழமை சாந்தகுமாரை அழைத்துக்கொண்டு வத்தளைக்குப் போனேன். அவரை ஆறு வருடமாகத் தெரியும். என் பழைய காரை அவரே பார்த்து வந்தார். நான் அவரைப் பாஸ் என்று கூப்பிடுவேன். கராஜ்காரரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வத்தளைக் காரை விற்க வைத்திருந்தவர் றோஸி என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அவருடைய மகன் சிட்னியில் இருக்கிறார். கார் அந்த மகனுடையது. பூப்போட்ட படுக்கை விரிப்பினால் மூடியிருந்தது.

“ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து ஸ்டார்ட் பண்ணி வைப்பேன் மகன். பத்து நிமிஷம். ஓட்டத் தெரியாது. ஹோர்ன் அடிக்கத் தெரியும்” என்று அவர் சொன்னார்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அவன் வருவேன் வருவேன் எண்டு சொல்றான். நான் கணக்கு டீச்சர். எனக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியும்.”

அதன் பின்னர் சாந்தகுமார் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரைப் பார்த்தார். கீழே படுத்துப் பார்த்தார். ஆசனப் பட்டிகள் நான்கையும் கடைசி வரை இழுத்து, அடியில் தைத்திருக்கும் துணித்துண்டிலே உற்பத்தித் திகதியை வாசித்தார். நான்கும் 2013. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “இதில ஒரு குறை சொல்லணும்னு ஆசையா இருக்கு சார். கெடைக்க மாட்டேங்குது” என்றார்.

நான் கவனித்தவை பின்வருமாறு. றோஸி டீச்சர் அவரைச் சாந்தா என்று கூப்பிட்டார். எனக்குச் சீனி போடவா என்று கேட்டுத் தேநீர் தந்தார். அவருக்குக் கேளாமலே சீனியில்லாமல் தந்தார். நாங்கள் புறப்படும்போது சாந்தகுமாரின் கையில் ஒரு மண்ணிறக் கடித உறையைக் கொடுத்தார். தடித்த உறை. அவர் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். பேலியகொடை வரை நான் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என்ன அது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கமிஷன் பற்றிச் சொல்ல வேண்டும். கார் பார்க்க ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போனால், விற்பவரிடமிருந்து அவருக்கு ஒரு பங்கு போகும் என்பது கொழும்பில் எல்லோரும் நினைப்பது. பலருக்குப் போகும். அதனால் பாஸ் நல்லது என்று சொல்லும் காரை வாங்குவதற்கு ஆட்கள் பயப்படுவார்கள். பாஸ் கூடாது என்று சொல்லும் காரை எடுப்பதற்கு யாரும் போவதில்லை. நான் போனேன்.

ஜூன் 15ஆம் திகதி சனிக்கிழமை இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ரிம்ஸான் என்பவர் வாடகைக்கு எடுத்திருந்த முற்றத்தில் ஏழு எட்டு கார்கள் நின்றன. 2016 முன்னால் நின்றது. வெள்ளை. கழுவி ஈரம் காயவில்லை.

“நானா, 2013 எடுத்தீங்க எண்டா, அடடா 2016 எடுத்திருக்கலாமே எண்டு நெனப்பீங்க. 2016 எடுத்தா ஒண்டும் நெனக்க மாட்டீங்க. நெனக்காம இருக்கிறதுக்குத்தானே மனிசன் சல்லி குடுக்கிற” என்று ரிம்ஸான் சொன்னார். நான் சிரித்தேன்.

கார் ஓபன் பேப்பரில் இருந்தது. அதாவது பதிவுச் சான்றிதழில் இருந்த பெயர் குருநாகலிலுள்ள ஒருவருடையது. அவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். வாங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அப்படிப் படிவம் கை மாறிக்கொண்டே போகும். ஐந்து பேர் அந்தக் காரை வைத்திருந்து விற்றிருக்கலாம், ஒருவருடைய பெயரும் எங்கும் இருக்காது. வாகனம் வாங்கி விற்பவர்கள் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. வசதியாக நினைப்பார்கள்.

அதன் பின்னர் சாந்தகுமார் பின் ஆசனத்துக்குள் நுழைந்து, “சார், இங்க வாங்க. போன் லைட்ட அடிங்க” என்றார். நான் குனிந்து வெளிச்சம் பிடித்தேன். பின் ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பிடித்திருந்தார்.

“வாசிங்க.”

“2012.”

“இப்ப முன்னுக்குள்ளத இழுத்து வாசிங்க.”

“2016.”

அதன் பின்னர் பின் ஆசனத்தின் கீழ் விரிப்பைத் தூக்கினார். தரைத் தகட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோடு ஓடியது. மேலே சாம்பல் நிறப் பெயின்ற் பூசியிருந்தது. விரலை வைத்தால் தடிப்புத் தெரிந்தது.

“இது ஒரு வண்டி இல்ல சார், ரெண்டு வண்டி. முன்னுக்கு பதினாறு, பின்னுக்கு பன்னெண்டு. நடுவுல ஒரு வெல்டிங்காரன்.”

ரிம்ஸான் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, “பெல்ட் மாத்தியிருப்பாங்க பாஸ். பழைய ஓனர்ட வீட்ட ஒரு நாய் இருந்திச்சி, அது கடிச்சிருக்கும்” என்றார்.

“விரிப்புக்குக் கீழ வெல்ட் பண்ணினதும் அந்த நாய்தானுங்களா?” என்று சாந்தகுமார் கேட்டார்.

முற்றத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ரிம்ஸானும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டிய காரை நாலு பேருக்கு முன்னால் பகிடி பண்ணுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாந்தகுமார் கை கழுவப் போனபோது ரிம்ஸான் எனக்குப் பிளேன்டீ கொடுத்து, “ஒங்கட பாஸ் இதுக்கு முந்தி வேற வண்டி ஏதும் காட்டினாரா நானா?” என்று கேட்டார். வத்தளையில் ஒன்று பார்த்தோம் என்றேன். அவர் “ஆ” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சாந்தகுமார் கமிஷன் எடுப்பதாக ரிம்ஸான் என்னிடம் கூறியதாக என் முதலாவது வாக்குமூலத்தில் உள்ளது. அவர் அப்படிக் கூறவில்லை. மிச்சத்தை நான் நிரப்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது, மருதானை ரயில் நிலையத்தடியில் வாகன நெரிசலில் நின்றுகொண்டிருக்கையில், “றோஸி டீச்சர் உங்களுக்கு எவ்வளவு தாறாங்க பாஸ்?” என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டு கேட்டேன் என்றும் நினைக்கிறேன். அவர் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கேட்டது எனக்குக் கேக்கல சார்” என்றார்.

நான் மறுபடி கேட்கவில்லை. அவருடைய கராஜ் இன்னும் அரைக் கிலோமீற்றர் இருந்தது. அவர் கதவைத் திறந்து அங்கேயே இறங்கிப் போனார். அன்று வேலைக்குரிய கூலியை வாங்கவில்லை. கூலி வாங்காமல் போனதையும் நான் அவருக்கு எதிராகவே எடுத்தேன். வேறிடத்தில் கிடைப்பதால் வேண்டாம் என்கிறார் என்று எடுத்தேன்.

அன்று மாலை 6.20க்கு அவரிடமிருந்து என் தொலைபேசிக்கு இரண்டு படங்களும் ஒரு குரல் பதிவும் வந்தன. படங்கள் இரண்டு ஆசனப் பட்டிகளுடைய துணித்துண்டுகள். குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். எனக்கு நினைவிருக்கும் வரையில் சொல்கிறேன்.

“சார், கோவம் இருந்தா இருக்கட்டும். படத்த பெருசாக்கி பாருங்க. அவசரப்பட்டு எடுத்துறாதீங்க. வேகமா போறப்ப ஒரு பள்ளத்துல விழுந்துச்சுன்னா பின்பக்கம் தனியா போயிரும். மேடமும் ஏறுவாங்க இல்ல. அவ்ளோதான் சார்.”

நான் பதில் அனுப்பவில்லை.

ஜூன் 18ஆம் திகதி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள், நான் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தக் காரின் குறைபாட்டை அறிந்தே அதை வாங்கினேன். (இவ்விடத்தில் அதிகாரி முதலில் ‘அறியாமல்’ என்று எழுதினார். வாசித்துக் காட்டியபோது நான் திருத்தச் சொன்னேன். அறிந்தே வாங்கினேன் என்றால் அது எனக்குப் பாதகமாக வரும் என்று எடுத்துச் சொன்னார். தெரியும் என்றேன். சொல் வெட்டப்பட்டு மாற்றி எழுதப்பட்டது. ஓரத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது.)

படிவத்தில் என் பெயரை எழுதவில்லை. அந்தக் காலி இடத்தைக் காலியாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏதேனும் நடந்தால் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம், நான் அந்தக் காரில் இருந்ததே இல்லை என்று நினைத்தேன். என் தொழிலில் பற்றுச்சீட்டுகளைப் பார்க்கிறேன். ஒரே பற்றுச்சீட்டில் இரண்டு திகதி இருந்தால் நிறுத்திவைப்பேன். எட்டு வருடத்தில் அப்படி எத்தனையோ நோயாளிகளின் கோரிக்கைகளை நிறுத்தியிருக்கிறேன். இந்தக் காரில் இரண்டு திகதி இருந்தது. நிறுத்தவில்லை.

அன்று பின்னேரம் என் மனைவி றமீலா கீழே வந்து காரைப் பார்த்துவிட்டு, “பாஸ் என்ன சென்னாரு?” என்று கேட்டார்.

“நல்ல வண்டி எண்டு சொன்னார்” என்றேன்.

அந்தப் பொய் அங்கே தொடங்கியது. பொலிஸில் தொடங்கவில்லை.

ஜூன் 22ஆம் திகதி சனிக்கிழமை, கார் வந்ததற்காக றமீலா புரியாணி ஆக்கினார். ஒரு பார்சலைத் தனியாகக் கட்டி, பாஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். உள்ளே அவித்த முட்டை இரண்டு வைத்திருந்தார். நான் அந்தப் பார்சலை எடுத்துக்கொண்டு மருதானைப் பக்கம் போகாமல் மரைன் டிரைவில் கடலைப் பார்த்துக் காரை நிறுத்தி, அதை நானே சாப்பிட்டேன். ஏற்கெனவே வீட்டில் சாப்பிட்டிருந்தேன். முழுவதையும் சாப்பிட்டேன். திரும்பிப் போய், பாஸ் சலாம் சொன்னார் என்றேன். “பாஸ் எப்பவும் வணக்கம் எண்டுதானே செல்லுவார்?” என்று றமீலா கேட்டார்.

றமீலாவை அந்தக் காரில் இரண்டு தரம் ஏற்றினேன். இரண்டு தரமும் நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. காலி வீதியில் ஒரு பள்ளத்தைக் கண்டால் பிரேக் பிடித்து ஊர்ந்தேன். “இதுக்கா மூணு வருஷம் அழுதீங்க? அந்தா பாருங்க, நூத்தியொண்டு பஸ் முந்திட்டுப் போவுது” என்று அவர் சிரித்தார். தனியாக ஓட்டும்போதும் நாற்பதுதான். பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். எல்லாக் காரிலும் சத்தம் இருக்கும்.

ஜூன் 26ஆம் திகதி புதன்கிழமை மாலை, மரைன் டிரைவில், புகைக்குழாய்ச் சத்தம் கூடுதல் என்று போக்குவரத்துப் பொலிஸார் காரை மறித்தார்கள். பத்திரத்தில் உள்ள பெயர் என்னுடையதல்ல என்பதால் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதன் பின்னர் வாகனப் பரிசோதகர் வந்து பார்த்து, சட்டத்தில் பொறித்திருக்கும் செசி இலக்கம் வேறொரு காரிலிருந்து வெட்டியெடுத்து ஒட்டப்பட்டது என்று சொன்னார். கார் தடுத்து வைக்கப்பட்டது. என்னை மறுநாள் காலை வரச் சொன்னார்கள். ரிம்ஸானுக்கு அழைத்தேன். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. வீட்டுக்குப் போவதற்கு முன்னர், பஸ் தரிப்பிடத்தில் நின்று, சாந்தகுமார் அனுப்பிய இரண்டு படங்களையும் குரல் பதிவையும் அழித்தேன்.

ஜூன் 27ஆம் திகதி காலை நான் இங்கே சொன்னவை: சாந்தகுமார்தான் அந்தக் காரை எனக்குக் காட்டினார் என்பது. பரிசோதித்து நல்லது என்று உறுதி சொன்னார் என்பது. ரிம்ஸானுக்கும் அவருக்கும் முன்பே தொடர்பிருப்பதாக எனக்குத் தோன்றியது என்பது. மூன்றும் பொய். சாந்தகுமாரிடம் வெல்டிங் பிளான்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அது உண்மை. நான் கழுத்துப்பட்டி அணிந்திருந்தேன், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதில் சொன்னேன், நம்பினார்கள். அன்று மாலை அவரைக் கராஜில் இருந்து கூட்டிவந்தார்கள். நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன்.

ஜூலை 07ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பி.ப. 4 மணியளவில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை முன்னர் கண்டதில்லை. தன் பெயர் துஷாந்தினி என்றும் சாந்தகுமாரின் மனைவி என்றும் சொன்னார். லிப்ட் வேலை செய்யாததால் நாலு மாடியும் ஏறி வந்திருந்தார். றமீலா உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். அவர் கதிரையின் நுனியில் இருந்தார். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றுகொண்டேன்.

அவர் முதலில் அந்த மண்ணிற உறையைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. பொலிஸார் வீட்டைத் தேடியபோது றோஸி டீச்சர் கொடுத்த உறையையும் திறந்து பார்த்ததாகச் சொன்னார். உள்ளே இருந்தவை கணித பாடத்தின் பழைய பரீட்சை வினாத்தாள்கள். டிசம்பரில் அவர்களுடைய மகள் பரீட்சை எழுதுகிறாள். டீச்சர் விடைகளைச் சிவப்பு மையினால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“டீச்சரு வீட்டு வண்டிக்கு அவரு நாலு வருசமா பெட்டரி மாத்தி குடுக்குறாரு. அதுக்கு அவங்க இத குடுப்பாங்க. அத எங்கிட்ட சொல்லியிருக்காரு. இத சொல்லல” என்றார்.

எதை என்று கேட்டேன்.

“இந்த வெள்ள வண்டிய பத்தி ஒரு வார்த்தகூட எங்கிட்ட சொல்லல சார். அன்னைக்கு வந்து படுத்துக்கிட்டாரு. பேசல. இப்ப உள்ள போய் பாத்தேன், நா வேணாம்னுதான் சொன்னேங்கிறாரு. நீங்க நல்லதுன்னு சொன்னார்ங்கிறீங்க. பெரிய எடத்துல வேல பாக்குறீங்க. ஒங்களுக்கு எதுக்கு பொய் சொல்லணும்? கோர்ட்டுக்காக கேக்கல சார். எனக்குத் தெரியணும். அவரு அப்படி சொன்னாரா?”

றமீலா தேநீர்த் தட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சொன்னார்” என்றேன்.

துஷாந்தினி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதன் பின்னர், “அப்ப சரி சார். வக்கீலுக்கு வேணாம்னு சொல்லிர்றேன். பதினேழு வருசம் இருந்துட்டு மூஞ்ச பாத்து பொய் சொல்ற மனுசனுக்கு நா எதுக்குங்க வாதாடணும்” என்று சொல்லி எழுந்தார். தேநீருக்கு நன்றி சொன்னார். மாடிப்படி இறங்கும் சத்தம் மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தரம் நின்றது. பிறகு இறங்கியது.

கதவைச் சாத்திவிட்டு றமீலா, “நா அந்தப் பார்சல்ல ரெண்டு முட்ட வெச்ச. ஒண்டு பாஸுக்கு, மத்தது அவர்ட புள்ளக்கி. என்னத்துக்கு ரெண்டு எண்டு பாஸ் கேக்கல்லயா?” என்று கேட்டார்.

நேற்றுப் பகல் முழுவதும் றமீலா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போட்டார். நேற்று மாலை நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பதில் ஓட்டியதையும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அவர் எழுந்து அறைக்குள் போனார். இதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னை அனுப்பவில்லை. அவரும் அனுப்பவில்லை.

கேள்வி: நீங்கள் அழித்த படங்கள் இருந்தன என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: சாந்தகுமாரின் தொலைபேசி உங்கள் பொறுப்பில் இருக்கிறது. ஜூன் 15, மாலை 6.20. அதில் இருக்கும். அவர் இதைச் சொல்லியிருப்பார்.

கேள்வி: சொல்லியிருக்கிறார். தொலைபேசிப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை. அது வந்துவிடும் என்று பயந்தா இன்று வந்தீர்கள்?

பதில்: இல்லை. ஆனால் அதையும் நினைத்தேன்.

கேள்வி: ஆறு வருடம் தெரிந்த ஒருவரை ஏன் நம்பவில்லை? முன்பின் தெரியாத ரிம்ஸானை ஏன் நம்பினீர்கள்?

பதில்: ரிம்ஸானை நான் நம்பவில்லை. ஒருவரையும் நம்பவில்லை. எனக்கு 2016 வேண்டியிருந்தது. அது இல்லை என்று சொன்னவர் சாந்தகுமார் ஒருவர்தான். ஆகவே சந்தேகிப்பதற்கு அவரை எடுத்தேன்.

கேள்வி: பொலிஸில் ஏன் அவருடைய பெயரைச் சொன்னீர்கள்?

பதில்: கேட்டபோது என் வாயில் அந்த வசனம் தயாராக இருந்தது. றமீலாவிடம் சொல்லிப் பழகியிருந்தேன்.

பொய்யான தகவல் கொடுத்ததற்காகவும், குறைபாட்டை அறிந்து வாகனத்தை வைத்திருந்ததற்காகவும் என்மீது வழக்குத் தொடரலாம் என்று எனக்கு விளக்கப்பட்டது. விளங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை நீதிமன்றத்துக்கு வரச் சொன்னால் வருவேன்.

அதன் பின்னர் இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றைத் துஷாந்தினிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். வழக்கில் சம்பந்தப்படாத ஆளுக்குக் கொடுக்க முடியாது, நீதவான் பார்ப்பார், அது போதும் என்று அதிகாரி சொன்னார். நீதவான் பார்த்தால் சாந்தகுமார் வெளியே வருவார். ஆனால் அவர் போகிற வீட்டில் நான் சொன்னதுதான் இருக்கும். ஆகவே அதை நானே போய்ச் சொல்ல வேண்டும். அவர்களுடைய வீட்டு முகவரியைக் கேட்டேன். ஆறு வருடத்தில் எனக்கு அது தெரியாது என்பது கேட்கும்போதுதான் தெரிந்தது. கோப்பில் பதிந்திருந்ததைப் பார்த்து, அதிகாரி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார். கொட்டாஞ்சேனை. ரிம்ஸானின் முற்றத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. கார் பார்க்கப் போன அன்று அந்த வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

அதை வாசித்தவுடன், அப்படியானால் ரிம்ஸானை இவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவும் சொல்லி முடித்த பின்னரும் தோன்றியது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி பேனையை மூடினார். தேவை, எழுதுங்கள் என்றேன். எழுதப்பட்டது.

இதிலுள்ள ஒவ்வொன்றும் நான் வாய் திறந்து சொன்னது. யாரும் பயமுறுத்தவில்லை, ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை. முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, நானும் ஒரு தரம் வாசித்தேன். ஒரு சொல் வெட்டி மாற்றப்பட்டது. வேறு மாற்றம் இல்லை. உண்மை என்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மு. நி. மு. நபீஸ்
2024.07.09, பி.ப. 12.25

என் முன்னிலையில் ஒப்பமிட்டார்.
(ஒப்பம்) உ.பொ.ப. புஷ்பராஜ்